ஃபிட்ஸ் மாத்திரையும் சுண்டுவிரல் நகமும்

தமிழ்நாட்டில் ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்றால் அந்தச் செய்தி அரசாங்கத்துக்கு எட்டாமல் போவது அரிது. நாள் தள்ளிப்போன கொஞ்ச நாளிலேயே கிராம சுகாதாரச் செவிலியர் வாசலில் வந்து நிற்பார். ‘பிக்மி நம்பர் வாங்கியாச்சா?’ என்று அக்கம்பக்கத்தினரே விசாரிப்பார்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனாலும் அந்தக் கர்ப்பப் பதிவு எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை, ஸ்கேன், தடுப்பூசி, சத்து மாத்திரை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான 18,000 ரூபாய் உதவி என்று வரிசையாக எல்லாம் நடக்கும். மற்ற மாநிலத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிற ஏற்பாடு இது. குறை சொல்லச் சட்டென்று வாய் வராது.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பதுதான் இலக்கு. கருவின் கை விரல்களோ, கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால், 10வது வாரத்திலேயே தனித்தனியாகப் பிரிந்துவிடும். கைக்கான மொட்டு கிளம்புவது 6வது வாரம். மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகும் நரம்புக் குழாய் மூடிக்கொள்வதும் அதே 6வது வாரம்தான். அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டே வாரத்தில். ‘இருக்குமோ, இருக்காதோ’ என்று அந்தப் பெண்ணே யோசித்துக்கொண்டிருக்கும் நாட்கள் அவை. அந்த நாட்களில் அவள் தினமும் ஒரு மாத்திரை விழுங்குகிறவளாக இருந்து, அது கருவைத் தொடுகிற மாத்திரையாகவும் இருந்துவிட்டால், 11வது வாரத்தில் நோட்டோடு வருபவர் என்ன கேட்டு என்ன பயன்?

ஃபிட்ஸ் மாத்திரையைத்தான் சொல்கிறேன். குறிப்பாக ஃபெனிட்டாயின். மெடிக்கலில் அந்தப் பெயரைச் சொன்னால் சிலருக்குப் புரியாது. எப்டாயின் என்றால் கை தானாக அலமாரிக்குப் போகும். 1938இல் அமெரிக்காவில் ட்ரேசி புட்னம், ஹூஸ்டன் மெரிட் என்ற இரு மருத்துவர்கள், ஆளைத் தூங்கிவழிய வைக்காமலே வலிப்பை அடக்க இந்த மருந்தால் முடியும் என்று காட்டினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அது காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. விலையும் மலிவு. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது. கிணற்றடியிலும் அடுப்படியிலும் விழுந்து அடிபட்ட எத்தனையோ பெண்களை எழுந்து நடமாடவைத்த மருந்து அது. அதன்மேல் பழி போட்டு ஒழிக்கச் சொல்வதல்ல இந்தக் கட்டுரை.

பல வருஷம் சாப்பிட்டால் ஈறு தடிக்கும், முகத்தில் முடி வளரும். வயசுப் பெண்ணைப் பெற்ற அம்மாக்களுக்கு இது நன்றாகத் தெரியும். ‘டாக்டர், பல்லெல்லாம் ஈறுக்குள்ள போயிருச்சு, கல்யாணம் பண்ற புள்ள’ என்று அவர்களே போய்க் கேட்பார்கள். கண்ணில் படுகிற கெடுதல், அதனால் கேள்வி வருகிறது. கருவில் நடப்பது கண்ணில் படாதே.

மருத்துவ உலகத்துக்கு இது புதுச் செய்தியல்ல. 1968இல் ராய் மெடோ என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர், வலிப்பு மாத்திரை சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளிடம் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் தென்படுவதை ‘லான்செட்’ இதழுக்குக் கடிதமாக எழுதினார். 1973இல் அதே இதழில், ஃபெனிட்டாயின் சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளின் விரல்களும் நகங்களும் வளராமல் இருப்பது பதிவாயிற்று. 1975இல் ஹான்சன், டேவிட் ஸ்மித் இருவரும் இந்த லட்சணங்களை எல்லாம் ஒன்றுசேர்த்து ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயருக்கு 50 வயது ஆகிவிட்டது. குழந்தை மருத்துவம் படிக்கிற எவரும் அதைத் தாண்டாமல் தேர்வு எழுதியிருக்க முடியாது. தெரியாதது மாத்திரையை விழுங்குகிறவளுக்கு மட்டும்தான்.

அந்தக் குழந்தையின் கையைப் பார்த்தால் முதலில் ஒன்றும் தோன்றாது. ஐந்து விரலும் இருக்கும், மடக்கும், பிடிக்கும். கூர்ந்து பார்த்தால்தான் விரல் நுனி சற்று முன்னதாகவே முடிந்துபோயிருப்பது தெரியும். நகம் இருக்க வேண்டிய இடத்தில் அரிசிக் குருணை அளவில் ஒரு சில்லு. சில விரல்களில் அதுவும் கிடையாது. சுண்டுவிரல் பக்கம்தான் குறை அதிகம். கால் விரல்களிலும் பார்க்கலாம். எக்ஸ்ரே எடுத்தால் நுனி எலும்பு சிறுத்திருக்கும். கைரேகைகூட மாறியிருக்கும்: சுழியும் வளையமும் குறைந்து, தாழ்வான வளைவுக் கோடுகளாக அடுக்கியிருக்கும். ரேகை எழுதப்படுகிற வாரங்களிலேயே அந்த நுனி சரியாகப் பருக்கவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

வளர வளர நகம் ஓரளவு தேறிவிடுகிற குழந்தைகள் உண்டு. நகத்துக்காக யாரும் கவலைப்பட்டு உருக வேண்டியதில்லை. அந்த நகத்தை வைத்து மற்றவற்றைத் தேட வேண்டும் என்பதுதான் விஷயம். அதே குழந்தைக்கு அண்ணத்தில் பிளவு இருக்கலாம், இதயத்தில் ஓட்டை இருக்கலாம், தலைச் சுற்றளவு குறைவாக இருக்கலாம், பேச்சும் படிப்பும் பின்தங்கலாம். முழு லட்சணங்களோடு பிறப்பவை 100க்கு 5 முதல் 10 வரை; ஒன்றிரண்டு அடையாளங்களோடு பிறப்பவை அதற்கும் மேலே. ஒரே தாய், ஒரே மாத்திரை, மூத்ததற்கு ஒன்றுமில்லை, இளையதற்கு இருக்கிறது என்பதும் நடக்கும். மருந்து உடைந்து உருவாகும் நச்சைக் கழிக்கும் திறன் கருவுக்குக் கரு மாறுபடுவது அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். ஊரில் இதையே மாத்திரைக்கு ஆதரவான சாட்சியாக்கிவிடுவார்கள்: ‘மாத்திரைதான்னா மூத்தவனுக்கும் வந்திருக்கணுமே!’

பிறகு யார்மேல் பழி விழும்? கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில், புதன்கிழமை தடுப்பூசிக்கு வந்திருந்த கூட்டத்தில் பார்த்தேன். ஒன்றரை மாத ஊசிக்கு வந்த குழந்தை. அதன் வலது கையைப் புடவைத் தலைப்பால் சுற்றி மறைத்தபடியே உட்கார்ந்திருந்தாள் அம்மாக்காரி. பக்கத்தில் இருந்த மாமியார் யாரும் கேட்காமலே சொன்னார்:

“கிரகணத்தன்னைக்கு அருவாமனைப் பக்கம் போவாதன்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டாளா? இப்ப புள்ள கையப் பாருங்க.”

மாமியார் டோக்கன் வாங்க எழுந்து போனதும் அவளிடம், “வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டியாம்மா?” என்றேன். கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

“எட்டாவது படிக்கும்போதுலேர்ந்து ஒண்ணு சாப்பிடுறேங்க்கா. பவுடர் டப்பாக்குள்ள வெச்சிருக்கேன். இங்க யாருக்கும் தெரியாது. சொல்லிராதீங்க.”

ஊசி போட்டாயிற்று. அட்டையில் தேதி எழுதியாயிற்று. செவிலியர் நல்லவர், குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டுத்தான் அனுப்பினார். நகத்தைப் பற்றி எழுத அட்டையில் கட்டமில்லை.

கட்டம் இல்லாததைச் சும்மா சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து 18 வயதுவரை குழந்தைகளைப் பரிசோதிக்க 2013இல் தொடங்கிய தேசியத் திட்டம் ஒன்று இருக்கிறது: ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்கிரம். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வேனில் வரும் மருத்துவக் குழு அதைச் சேர்ந்ததுதான். அதன் பட்டியலில் 30 கோளாறுகள். அவற்றில் பிறவிக் குறை 9. நரம்புக் குழாய்க் குறை, டவுன் சிண்ட்ரோம், உதடு-அண்ணப் பிளவு, வளைபாதம், இடுப்பு மூட்டுக் குறை, கண்புரை, காது கேளாமை, இதயக் குறை, குறைப்பிரசவக் குழந்தையின் விழித்திரைக் கோளாறு. விரலும் இல்லை, நகமும் இல்லை. மாவட்டத் தலைநகரில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் வைத்திருக்கிறார்கள். பேச்சுப் பயிற்சி, மூளை வளர்ச்சிப் பரிசோதனை எல்லாம் அங்கே உண்டு. ஆனால் அந்த 9இல் ஒன்றும் தட்டுப்படாத இந்தக் குழந்தையை அங்கே அனுப்பும் சீட்டை யார் எழுதுவார்கள்? மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 40 சதவீதக் கணக்குக்கும் நான்கு நகங்கள் எட்டாது. நான்காம் வகுப்பில் எழுத்துக் கூட்ட முடியாமல் திணறும்போது, ‘மக்கு’ என்று ஒரு பெயர் மட்டும் கிடைக்கும்.

சரி, அந்தப் பெண் ஏன் மறைத்தாள்? பெண்ணுக்கு வலிப்பு என்று தெரிந்தால் தரகர் அந்தத் தெருப்பக்கம் வரமாட்டார். அடிக்கடி வலிப்பு வருகிறவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்ற வாசகத்தை இந்து திருமணச் சட்டமே 1999 வரை வைத்திருந்தது. அந்த ஆண்டு சட்டத்திலிருந்து எடுத்தார்கள், மனசிலிருந்து எடுக்கவில்லை. ஆகவே மாத்திரை பவுடர் டப்பாவுக்குப் போகிறது. டாக்டரிடம் வருஷத்துக்கு ஒரு தடவைகூடப் போக முடியாது. பழைய சீட்டைக் காட்டி, அல்லது சீட்டே இல்லாமல், அம்மா வீட்டிலிருந்து தம்பி வாங்கி வந்து கொடுப்பான். ‘பத்து மாத்திரை கொடுங்க’ என்றால் கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுத் தருவார். அரசு மருத்துவமனை மருந்து கொடுக்குமிடத்திலும் அப்படித்தான். உறையின்மேல் காலை, இரவு என்று ஒரு கோடு. அட்டையின் பின்னால் இங்கிலீஷில் பொடியாக அச்சிட்டிருப்பதில் பாதி கத்தரிக்கோலோடு போயிற்று. கர்ப்பத்தைப் பற்றித் தமிழில் ஒரு வரி கிடையாது. சிகரெட் பெட்டியில் படம் போட்டு மிரட்டத் தெரிந்த நாட்டுக்கு, இந்த உறையில் ஒரு வரி அச்சடிப்பது அவ்வளவு பெரிய காரியமா?

மறைப்பவளை விட்டுவிடுவோம். மறைக்காமல் மாதாமாதம் பெரியாஸ்பத்திரி நரம்பியல் ஓ.பி.யில் கணவனோடு வந்து வரிசையில் நிற்பவளுக்கு என்ன நடக்கிறது? காலை 7 மணிக்குச் சீட்டுப் போட்டால் 11 மணிக்கு டாக்டரின் முகம். ‘வலிப்பு வந்துச்சா?’ ‘இல்ல சார்.’ ‘அதையே கண்டினியூ பண்ணுங்க.’ முடிந்தது. டாக்டரைக் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை, வெளியே இன்னும் நூறு பேர். ஆனால் கேட்க வேண்டியது இன்னும் ஒன்றே ஒன்றுதான்: ‘குழந்தை பெத்துக்கிற எண்ணம் இருக்காம்மா?’ அதைக் கேட்டிருந்தால் ஆறு மாதம் முன்கூட்டியே மருந்தைப் படிப்படியாக மாற்றியிருக்கலாம். மாற்ற முடியாத நோயாக இருந்தால், அளவையாவது குறைத்துப் பார்த்திருக்கலாம். கருத்தரிக்கும் முன்பே 5 மில்லிகிராம் ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கியிருக்கலாம். எங்கும் கிடைக்கிற, காசு பெறாத மாத்திரை அது. கர்ப்பம் உறுதியான பின் சிவப்புச் சத்து மாத்திரையோடு கொடுப்பது வேறு. அதில் ஃபோலிக் அமிலம் அரை மில்லிகிராம்தான், அதுவும் நரம்புக் குழாய் மூடிய பிறகு வருவது.

யாரும் சொல்லாத இன்னொரு சங்கதி. ஃபெனிட்டாயினும், கார்பமாசெப்பினும், ஃபீனோபார்பிட்டோனும் கல்லீரலைத் தூண்டிவிட்டுக் கருத்தடை மாத்திரையின் ஹார்மோனைச் சீக்கிரமாகக் கரைத்துவிடும். அரசு இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டும் ஒருத்தி உண்டாகிவிட்டால் அது அவள் மறதியாக இருக்க வேண்டியதில்லை. அவளுக்குக் காப்பர்-டியோ அந்தரா ஊசியோதான் பொருந்தும். குடும்பநலப் பிரிவில் இருப்பவருக்கு அவள் ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிடுவது தெரியாது. நரம்பியல் பிரிவில் இருப்பவருக்கு அவள் மாலா-என் சாப்பிடுவது தெரியாது. இரண்டு அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

விரலோடும் நகத்தோடும் நிற்கிற பாதிப்பைவிடக் கனமானது வால்புரோயேட் என்ற மாத்திரை விவகாரம். வலிப்புக்கும் மனநோய்க்கும் ஒற்றைத் தலைவலிக்கும் எழுதுகிறார்கள். 42 நாடுகளில் 7,355 கர்ப்பங்களைப் பின்தொடர்ந்த யூராப் என்ற வலிப்பு மருந்து-கர்ப்பப் பதிவேடு 2018இல் கொடுத்த கணக்கைப் பாருங்கள்: பெரிய பிறவிக் குறைகள் வால்புரோயேட் சாப்பிட்டவர்களில் 10.3 சதவீதம், ஃபீனோபார்பிட்டோனில் 6.5, ஃபெனிட்டாயினில் 6.4, கார்பமாசெப்பினில் 5.5. லாமோட்ரிஜினில் 2.9, லெவெடிராசெட்டமில் 2.8. கடைசி இரண்டும் மாத்திரையே சாப்பிடாத தாய்மார்களின் கணக்கை ஒட்டியே வருகின்றன. குட்டை நகம் இந்தக் கணக்கில் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள். இங்கே எண்ணியது பெரிய குறைகளை மட்டும். வால்புரோயேட்டில் இது தவிர, 100இல் 30 முதல் 40 குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியில் பின்னடைவு.

பிரான்ஸில் அந்த மாத்திரையால் 1967 முதல் 2016 வரை 2,150இலிருந்து 4,100 வரையிலான குழந்தைகள் குறையோடு பிறந்ததாக அந்த நாட்டு அரசு அமைப்புகளே 2017இல் மதிப்பிட்டன. மரீன் மார்ட்டின் என்ற தாய் அங்கே சங்கம் கட்டி, வழக்கும் போட்டுப் போராடினார். பிரிட்டனில் தாய்மார்கள் போராடி, 2018 முதல் பெட்டியிலேயே கர்ப்பிணிக்கான எச்சரிக்கைப் படம் வந்தது. குழந்தை பெறும் வயதில் இருப்பவருக்கு அந்த மாத்திரை எழுத வேண்டுமானால் கருத்தடைத் திட்டமும், வருஷா வருஷம் நிபுணரும் நோயாளியும் கையெழுத்திடும் படிவமும் கட்டாயமாயின. 2020 ஜூலையில் இதை ஆராய்ந்த பரோனஸ் கம்பர்லெஜ் குழுவின் அறிக்கை, தாய்மார்களின் பேச்சை மருத்துவ அமைப்பு காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று பட்டவர்த்தனமாகச் சொன்னது. 2023 அக்டோபரிலிருந்து அங்கே அந்த மாத்திரையை அட்டை கத்தரித்து விற்கவே கூடாது. எச்சரிக்கை அச்சிட்ட முழுப் பெட்டியாகத்தான் தர வேண்டும். நம் கத்தரிக்கோலை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் வால்புரோயேட்டைத் தொடங்க வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது.

வெளிநாட்டுக் கதை வேண்டாமென்றால் பக்கத்து மாநிலத்துக்கு வருவோம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் சஞ்சீவ் தாமஸ் 1998இல் கேரள வலிப்பு-கர்ப்பப் பதிவேட்டைத் தொடங்கினார். வலிப்புள்ள பெண்ணைக் கருத்தரிக்கும் முன்போ, ஆரம்ப வாரங்களிலோ பதிந்து, பிறக்கும் குழந்தையைப் பல வருஷம் பின்தொடர்ந்து, இதயம், படிப்பு எல்லாம் பார்க்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்து அது இரண்டு மணி நேரப் பயணம்.

‘இதையெல்லாம் சொல்லிப் பயமுறுத்தினால் பெண்கள் மாத்திரையை நிறுத்திவிடுவார்களே, வலிப்பு வந்து தாயும் சேயும் போய்விடுவார்களே’ என்பது மருத்துவர்கள் சொல்கிற மறுப்பு. நியாயமான பயம். கர்ப்பத்தில் வலிப்பு வந்து விழுவது, விடாமல் வரும் தொடர்வலிப்பு, தூக்கத்திலேயே உயிர் போவது எல்லாம் உண்மை. இதைப் படிக்கும் யாராவது மாத்திரையைத் தானாக நிறுத்தினால் இந்தக் கட்டுரை கெடுதல் செய்ததாக ஆகும். நிறுத்தாதீர்கள், மாற்ற வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். வலிப்புள்ள தாய்மாரில் 100க்கு 90க்கும் மேற்பட்டவர்கள் நல்ல குழந்தையைத்தான் பெறுகிறார்கள்.

ஆனால் சொல்லாமல் விடுவதால் என்ன நடக்கிறது என்பதையும் அந்த மருத்துவர்கள் பார்க்க வேண்டும். மூன்றாம் மாதத்தில் யாராவது ஒரு மெடிக்கல்காரர், அல்லது படித்த நாத்தனார், ‘மாசமா இருக்கும்போது இதெல்லாம் சாப்பிடலாமா?’ என்பார். அன்றே நிறுத்திவிடுவாள். விரலுக்கு ஆக வேண்டிய சேதம் அதற்குள் ஆகிவிட்டது. இப்போது வலிப்பும் சேர்ந்துகொள்கிறது. மறைத்துவைத்த மாத்திரையால் பிரசவ அறையிலும் வினை உண்டு: இந்த மருந்துகள் குழந்தையின் வைட்டமின்-கே சத்தைக் குறைக்கும், முதல் நாளிலேயே ரத்தக் கசிவு வரலாம். பிறந்தவுடன் போடும் வைட்டமின்-கே ஊசி இந்தக் குழந்தைக்கு ஒருபோதும் தவறக் கூடாது.

விரலைத் தொடும் மருந்து இது ஒன்றுதான் என்றும் இல்லை. இதய வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் வார்ஃபரினும் மூக்கெலும்போடு நகத்தையும் குறுக்கும். மெடிக்கலில் ரகசியமாக வாங்கி, ஸ்கேன் பார்க்காமல், அரைகுறையாகச் சாப்பிடும் கருக்கலைப்பு மாத்திரையில் உள்ள மிசோப்ரோஸ்டால், கர்ப்பம் கலையாமல் தொடர்ந்துவிட்டால் விரல் நுனியே இல்லாமல் செய்துவிடுவதைப் பிரேசில் நாட்டு மருத்துவர்கள் 1990களில் வரிசையாக எழுதினார்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி ஒன்றேதான்: தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்?

அந்தக் கேள்விக்குப் புது அலுவலகமும் புது ஊழியரும் தேவையில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் கையில் ஏற்கெனவே ஒரு நோட்டு இருக்கிறது: தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. கல்யாணமாகி ஊருக்கு வரும் ஒவ்வொரு பெண்ணின் பெயரும் கர்ப்பத்துக்கு முன்பே அதில் ஏறிவிடும். எத்தனை குழந்தை, என்ன கருத்தடை என்று எழுதும் அதே வரியில் ‘தொடர்ந்து சாப்பிடும் மருந்து’ என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும். ஆனால் ஒரு நிபந்தனை. அந்தக் கேள்வியை மாமியார் நிற்கும் திண்ணையில் வைத்துக் கேட்கக் கூடாது. துணை சுகாதார நிலையத்துக்கு வரவழைத்து, தனியாக, ‘நீ சொல்றது என்னோட இருக்கும்’ என்று வாக்குக் கொடுத்துக் கேட்க வேண்டும். கட்டத்தில் நோயின் பெயரை எழுத வேண்டாம். நரம்பியல் மருத்துவருக்கு அனுப்பியாயிற்றா என்ற குறி போதும். இது நடக்காவிட்டால், வலிப்பு இருப்பது ஊருக்கே தெரிந்துபோய்ப் பெண் வாழாவெட்டியாகத் திரும்பி வருவாள். அந்தப் பாவத்துக்கு நோட்டே இல்லாமலிருப்பது மேல்.

அடுத்தது மருந்து. மருத்துவக் கல்லூரி நிபுணர் லெவெடிராசெட்டமுக்கோ லாமோட்ரிஜினுக்கோ மாற்றி எழுதிக் கொடுத்து, ஊர் அரசு மருத்துவமனையில் ‘அது வரலம்மா, பழசுதான் இருக்கு’ என்று கையை விரித்தால் மாற்றியதே வீண். வெளியில் வாங்க மாதம் பல நூறு ரூபாய் ஆகும் குடும்பம் பழைய மாத்திரைக்கே திரும்பிவிடும். 1990களிலிருந்து மொத்தக் கொள்முதலால் மருந்து விலையை அடித்துக் குறைத்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கு இது முடியாத காரியமல்ல. குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கான பங்கு என்று தாலுகா மருத்துவமனைவரை இரண்டு மருந்தையும் விடாமல் வைத்திருக்க உத்தரவிட வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் கையில் இதையும் கொடுக்கலாம், அந்தப் பெண் வேண்டும் என்று சொன்னால் மட்டும்.

மருந்து கொடுக்கும் உறையில் தமிழில் ஒரு முத்திரை: ‘குழந்தைக்குத் திட்டமிடும் முன் டாக்டரிடம் சொல்லவும்; மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம்.’ ரப்பர் ஸ்டாம்ப் செய்ய எவ்வளவு ஆகும் என்று கேட்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது. நரம்பியல் ஓ.பி. சீட்டில் 15 வயதிலிருந்து 45 வரையிலான பெண்ணுக்குக் கர்ப்பத் திட்டம், கருத்தடை, ஃபோலிக் அமிலம் என்று மூன்று கட்டங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை நிரப்பினால் போதும். நூறு பேர் காத்திருக்கும் டாக்டர் கையால் நிரப்ப வேண்டியதுமில்லை, பயிற்சி பெற்ற ஒரு செவிலியரை அந்த அறையில் போடுங்கள். குழந்தை பிறந்த வார்டில் எடை எழுதுகிறவர் விரலையும் நகத்தையும் பார்த்து எழுதட்டும். அம்மா இந்த மாத்திரைகளில் ஏதாவது சாப்பிட்டிருந்தால், அந்த 9 குறைகளில் ஒன்றும் இல்லாவிட்டாலும், குழந்தையை ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை. பள்ளியில் சேரும் வயதுவரை அங்கே வருஷம் ஒரு பரிசோதனை.

கேரளத்தைப் போல் ஒரு பதிவேட்டை நம் பெரிய மருத்துவக் கல்லூரி ஒன்று கையில் எடுக்கும்வரை, இருக்கிற வழியையாவது பயன்படுத்தலாம். 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு மருத்துவக் கல்லூரிகளில் மையங்கள் உண்டு. மருந்தால் கெடுதல் வந்தது என்று சந்தேகம் இருந்தாலே தெரிவிக்கலாம், நிரூபிக்க வேண்டியதில்லை. டாக்டர்தான் எழுத வேண்டும் என்பதும் இல்லை, நோயாளிக்கென்றே தனிப் படிவம் வைத்திருக்கிறார்கள். கட்டணமில்லா எண் 1800-180-3024. தாயின் வயது, மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை, குழந்தையின் எந்த விரல். இவ்வளவுதான் கேட்பார்கள்.